பாதியில் நின்ற ஜெபம்

விடாத மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, கத்தரீனாள் குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரிலேயே பஸ் நின்றுவிட்டது.

அவள் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மழையால் வேலையில்லாத வாரம்; வீட்டில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்ததும் சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"நமக்கே பத்தாது" என்றாள் கணவன் செபாஸ்டினிடம்.

சாப்பிட உட்கார்ந்து, "எங்கள் அனுதின உணவை இன்று எங்களுக்கு..." என்று ஜெபிக்கும்போதே வெளியில் ஒரு குழந்தை அழுதது. அவள் ஜெபத்தை அங்கேயே நிறுத்தினாள்.

"ஏங்க, ஆண்டவர் 'எனக்கு'ன்னு கேக்கச் சொல்லலையே!"

எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். "எல்லாரும் உள்ள வாங்க, கெழங்கு இருக்கு!"

நனைந்துபோய் வந்தவர்கள் சின்னச் சட்டியைப் பார்த்தார்கள். மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சாந்தம்மாள் பையிலிருந்து கருவாட்டை எடுத்து நீட்டினாள். ஒருவர் அரிசிப் பையைப் பிரித்தார். டிரைவர் வாழைத்தார் ஒன்றைச் சுமந்து வந்தார். கருவாடு வறுபட்ட வாசனைக்கு லயமே கூடிவிட்டது.

சாயங்காலம் சரிந்த மண்ணை அகற்றியதும் பஸ் கிளம்பியது.

"நாளைக்கு என்ன பண்ணுவ?" என்று செபாஸ்டின் சீண்டினார்.

"நாளைக்கும் ஆண்டவரு இருப்பாருல்ல" என்று சிரித்தபடி, மீந்த பழங்களைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கக் கிளம்பினாள் கத்தரீனாள்.