அண்ணாந்து பார்க்க ஒரு கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அண்ணன் வைத்த பெயர் தபால்பெட்டி. என்ன போட்டாலும் உள்ளே போகும், எதுவும் திரும்பி வராது. கல்யாணமான புதிதில் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒரே வருஷத்தில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது என் கணக்கு. அதனால் எங்கள் வீட்டில் பேசும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் பதிலும் நான்தான் சொல்வேன். செருப்புக் கடையில் "கடிக்குதா சார்?" என்று கேட்டால், "இடது பக்கம் லேசா கடிக்குது, ஒரு நம்பர் பெருசா குடுங்க" என்பேன். செருப்பு அவர் காலில்தான் இருக்கும். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது. அவரும் குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார், இடைவெளி விட்டால்தானே.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. தரையில் நீளமாக ஒரு குழி வெட்டியிருப்பார்கள். பஸ்ஸை அதன் மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இவர் குழிக்குள் நின்று, கைவிளக்கைத் தூக்கிப் பிடித்து, பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்ப்பார். பிரேக் குழாய், போல்ட், ஸ்பிரிங் பட்டை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து இவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த பஸ் வெளியே போகும். இருபத்தெட்டு வருஷமாக அதே குழி. சட்டையில் படும் கிரீஸ் கறையைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

போன வருஷம் அவருக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை. அங்கிருந்தவர் அவசரமாக அளவெடுத்துவிட்டு, "சார் என்ன வேலை பார்க்கறாங்க?" என்றார். "டிப்போவுல இருக்கார். பேப்பர் படிக்கணும், டிவி பார்க்கணும், அவ்வளவுதான்" என்றேன் நான். மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரண்டு பவர் வைத்த கண்ணாடியைக் கொடுத்தார்கள். பேப்பர் நன்றாகவே படித்தார்.

ஆனால் அந்தக் கண்ணாடி படாத பாடு பட்டது. மாதம் ஒரு தடவை கோணிக்கொண்டு வந்து நிற்கும். காதில் மாட்டும் இரண்டு கைகளும் பரப்பிக்கொண்டு கிடக்கும். "மேல உக்காந்துட்டீங்களா?" என்று கேட்பேன். பதில் வராது. "உக்காந்துட்டார்" என்று நானே முடிவு செய்து கடைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி வருவேன். திட்டாத நாள் இல்லை. சின்னப் பிள்ளைகூட கண்ணாடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்பேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு இரண்டு மாதமாக மனுஷர் சரியில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். ஒரு நாள் கண்ணாடியில் ஒரு கை கழன்றே வந்துவிட்டது. போதும், இனி மட்டமான சரக்கு வேண்டாம், நல்ல இடத்தில் நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

என் தங்கை சொன்ன இடம் அது. முன்னால் கண்ணாடிக் கடை, உள்ளே பரிசோதனை அறை. பரிசோதிக்கிறவளுக்கு நாற்பது வயதிருக்கும். நான் "டாக்டரம்மா" என்றதும், "நான் டாக்டர் இல்லக்கா, ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வைய அளந்து, சரியான கண்ணாடி எழுதிக் குடுக்கறது என் வேலை. கண்ணுல நோய் எதுவும் தெரிஞ்சா டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்" என்றாள். நேராகப் பேசுகிறவளைக் கண்டால் எனக்குப் பிடிக்கும்.

அவர் மூக்கில் ஒரு கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டுக் கேட்டாள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர்.

அடுத்ததைப் போட்டாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை மோசம் என்று சொன்னால் அவள் மனசு நோகுமே என்று இவருக்குக் கவலை. எனக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல போட்டதுதான் தெளிவுங்கறார்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தா தெரியாதா?"

"முகம் உங்களுக்குத் தெரியும். எழுத்து அவருக்குத்தானே தெரியும்" என்றாள். குரலில் கோபமில்லை. பிறகு இவரிடம், "அண்ணா, எது மங்கலா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வில்லை என்னோடது இல்ல, கம்பெனிக்காரனோடது. எனக்குக் கோபம் வராது" என்றாள். இவர் சிரித்தார். அதன் பிறகு ஒழுங்காகச் சொன்னார்.

அளவெடுத்து முடித்ததும் பழைய கண்ணாடியைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கில் பதியும் பட்டைகள் இரண்டும் கவிழ்ந்து போயிருந்தன. கைகளில் ரப்பர் பேண்டு இறுக்கிய தடம் இருந்தது.

"இது எப்படி இப்படி ஆச்சு?"

"மேல உக்காந்துடுவார்" என்றேன்.

"உக்காந்தா இப்படி வளையாதுக்கா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்த நாற்காலில உக்காந்து மனசுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள அண்ணன் பதில் சொல்லலன்னா நீங்க சொல்லலாம்" என்றாள்.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. என்னவோ, உட்கார்ந்தேன். எண்ணினேன். இருபது வந்தது. முப்பது வந்தது. இவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு துறுதுறுத்தது. நாற்பத்தேழில் வாய் திறந்தார்.

"தலைகீழாப் போடுவேன்."

"எதை?"

"கண்ணாடிய. குழிக்குள்ள நிக்கறப்போ எல்லாம் தலைக்கு மேல இருக்கும். கிட்டத்துல பார்க்கறது கண்ணாடியில கீழ இருக்கு. கழுத்தை எவ்வளவு ஒடிச்சாலும் கீழ்ப்பக்கம் மேல வர மாட்டேங்குது. அதான் கண்ணாடியத் திருப்பி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்குவேன். அப்போ கிட்டப் பார்வை மேல வந்துரும்."

ஒரு வருஷமாக நான் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக என் காதிலேயே விழுந்தது.

"அண்ணா, நல்ல மூளைதான் உங்களுக்கு. ஆனா திருப்பிப் போட்டா வலது கண்ணாடி இடது கண்ணுக்கு வந்துரும். உங்களுக்கு ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இல்ல. நிறைய வித்தியாசம் இருக்கு. மங்கலாத் தெரியலையா?"

இவர் நிமிர்ந்தார். "அதனாலயா?"

"எது அதனால?"

அப்புறம் தபால்பெட்டி திறந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிரேக் குழாயில் ஒரு வெடிப்பு, மயிரிழை மாதிரி. இவர் கண்ணில் படவில்லை. பக்கத்துக் குழியில் வேலை செய்கிறவர் தற்செயலாக எட்டிப் பார்த்து, பஸ் கிளம்புவதற்குள் நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

"அம்பது பேர் உக்காந்து போற வண்டி. என் கையெழுத்தை நம்பி ஏறறாங்க. கண்ணு போச்சு, இனி நான் லாயக்கில்லன்னு நினைச்சேன். ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுங்கன்னு லெட்டர் எழுதிட்டேன்." சட்டைப் பையைத் தொட்டார். "ஒரு வாரமா இங்கதான் இருக்கு. குடுக்கக் கை வரல."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு மனுஷர் இரண்டு மாதமாக இதைச் சுமந்திருக்கிறார். இடைவெளியை எல்லாம் நானே பேசி இட்டு நிரப்பாமல் விட்டிருந்தால் என்னிடமே சொல்லியிருப்பார். என்ன வேலை என்று அந்தக் கடைக்காரர் கேட்டபோது ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால், இவரே "அண்ணாந்து பார்க்கிற வேலை" என்று சொல்லியிருப்பார். கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது அவரில்லை, நான்தான்.

"கண்ணு போகல. வயசுக்கு உண்டான மாத்தம்தான், வேற குறை எதுவும் எனக்குத் தெரியல. கண்ணாடிதான் உங்க வேலைக்குப் பொருந்தல" என்றாள் அவள். எழுந்து நின்று, "பஸ் மேல இருக்குன்னு வச்சுக்குங்க. எப்படிப் பார்ப்பீங்க?" என்றாள்.

இவர் எழுந்து நின்று தலையை அண்ணாந்து, ஒரு கையை விளக்குப் பிடிப்பதுபோல் தூக்கி, மறு கையால் இல்லாத குழாய் ஒன்றைத் தடவினார். அந்தச் சின்ன அறையில் இவர் அப்படி நின்றபோதுதான், இருபத்தெட்டு வருஷமாக இவர் என்ன செய்கிறார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் ஒரு டேப்பை எடுத்து கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே அளந்தாள். நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.

மேலேயும் கீழேயும் கிட்டப் பார்வைக்கு, நடுவில் தூரத்துக்கு என்று மூன்று பகுதியாக வில்லை செய்ய முடியுமாம். தலைக்கு மேலே வேலை இருப்பவர்களுக்காகவே அப்படி ஒரு வகை உண்டு என்றாள். மேலிருந்து துரு உதிரும் என்பதால் சட்டென்று உடையாத பிளாஸ்டிக், கைவிளக்கு கூசாதிருக்க ஒரு பூச்சு.

பிரேம் எடுக்கும்போது நான் ஒல்லியாக, நாகரிகமாக ஒன்றைக் கொடுத்தேன். "அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த உயரத்துல மூணு பகுதியும் அடங்காதுக்கா" என்று திருப்பி வைத்துவிட்டாள். உயரமான பிரேமாக ஏழெட்டை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் மாட்டி, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, தலையை ஆட்டச் சொன்னாள். மூன்று நழுவின. ஒன்று கன்னத்தில் இடித்தது. கடைசியில் ஒரு பழுப்பு நிறப் பிரேம், மூக்கில் பசை போட்டதுபோல் உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கீங்க. பயமா இருக்கு" என்றேன். உண்மையில் மனுஷர் அவ்வளவு அழகாக இருந்தார். அதையும் சொல்லிவிட்டேன். காது சிவந்துவிட்டது அவருக்கு.

பத்து நாளில் வந்துவிடும் என்றாள். அதுவரைக்கும் இவர் லீவு போட்டார். அந்தப் பத்து நாளில் எனக்கு ஸ்டோர் ரூம் யோசனை மெல்ல மெல்லப் பிடித்துப்போயிற்று. அங்கே ஃபேன் உண்டு. நாற்காலி உண்டு. கழுத்து வலி இல்லை, கிரீஸ் இல்லை, ஐம்பது பேர் உயிரைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ரிட்டையராக இன்னும் மூன்று வருஷம்தான். நிம்மதியாக இருக்கட்டுமே. கண்ணாடி வந்தாலும் அந்த லெட்டரைக் கொடுத்துவிடச் சொல்வது என்று பேச வேண்டியதை எல்லாம் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பதினோராவது நாள் போனோம். அவள் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் பொருந்துகிறதா என்று தடவிப் பார்த்தாள். பேப்பர் படிக்கச் சொன்னாள். வாசலுக்கு எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னாள். பிறகு சுவரோரமாக இருந்த உயரமான மேஜையைக் காட்டி, "அண்ணா, அதுக்கு அடியில போய் மேல பாருங்க" என்றாள்.

இவர் வெட்கப்படாமல் குனிந்து மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்கு வந்திருந்த ஒரு அம்மா இவரை வேடிக்கை பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நாலு ஸ்குரூ இருக்கு. ஒண்ணுல துரு. ஒண்ணு சரியா முடுக்கல. இந்தப் பலகையில இங்கேயிருந்து அங்க வரைக்கும் ஒரு கீறல் போகுது, மயிரிழை மாதிரி."

அவள் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஆமாண்ணா. ஆறு வருஷமா இந்த மேஜை இங்க இருக்கு, எனக்கே தெரியாது" என்றாள்.

இவர் வெளியே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து என்னை எட்டிப் பார்த்தார். சட்டைப் பையின் மேல் கை இருந்தது. "ஏம்மா, என்ன பண்ணட்டும்? நீ சொல்லு" என்றார்.

தயார் செய்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஃபேன், நாற்காலி, கழுத்து, மூன்று வருஷம். அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனையையும் விழுங்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு எது வேணு..." என்று ஆரம்பித்தேன்.

"குழி" என்றார்.

நான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் என் பேச்சின் குறுக்கே அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கடை என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேஜைக்கு அடியிலிருந்து அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.