மூன்றாவது ஆணி

நாங்கள் முப்பது வருஷம் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளை இடித்தபோது, வாசல் நிலையை நீயே எடுத்துக்கொள் என்றார் கணக்கு எழுதும் ரைட்டர். நல்ல பலா மரம். பக்கத்து ஊரான ஒண்டிக்கடையில் நான் போடவிருந்த தச்சுக் கடைக்கு ஆடாத பட்டறை மேசை ஒன்று வேண்டும். நிலைக்கால் இரண்டையும் பாதியாக அறுத்தால் அதற்கு நாலு கால் ஆயிற்று.

பழைய மரத்தில் முதலில் ஆணி பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் இழைப்புளி அலகு போச்சு. இந்த நிலையில் இரண்டுதான் என்று எனக்குத் தெரியும். எங்கள் லைனில் பிள்ளை பிறந்தால், காத்துக் கறுப்பு அண்டாமலிருக்க அப்பன்காரன் வாசல் நிலையில் ஓர் ஆணி அடிப்பான். ராஜேந்திரனுக்கு ஒன்று, பொன்னாயிக்கு ஒன்று, நெஞ்சு உயரத்தில் நூல் பிடித்தாற்போல் நான் அடித்தவை. இரண்டையும் பதமாக எடுத்து வைத்தேன்.

மூன்றாவது ஒன்று இருந்தது. தரையிலிருந்து ஒரு முழத்தில், பழைய பெயின்ட் பூச்சுக்கு அடியில், வளைந்து நெளிந்து, சுற்றிலும் மரத்தை நசுக்கிக்கொண்டு. எனக்கு வந்த கோபத்தில் குறட்டால் கவ்வி, முறுக்கிப் பிடுங்கி எறிந்தேன்.

"எந்த மடப்பய அடிச்சானோ! சுத்தி புடிக்கத் தெரியாதவனுக்கு ஆணி ஒரு கேடு!"

காபி கொண்டுவந்த என் மனைவி அம்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

"நாந்தானுங்க அடிச்சேன்."

"நீ எதுக்குப் புள்ள அடிச்சே?"

"நீங்க குடகுக்கு வேலைக்குப் போன வருசம். போன பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. ஒரு பொம்பளப் புள்ளைங்க. நீங்க ஊட்ல இல்ல, அதான் அம்மிக் கொழவியால நானே அடிச்சேன்."

"இத்தன கீழயா?"

"எந்திரிக்க முடியலைங்க. உக்காந்துட்டே அடிச்சேன்."

மூன்று நாள் இருந்தாளாம்.

"ஏன் சொல்லல?"

"சீல துணியெல்லாம் வாங்கிட்டு நொம்பச் சந்தோசமா வந்து எறங்குனீங்க. அப்பறஞ் சொல்லிக்கலாம்னு இருந்தேன். லைன்லயும் யாரையும் பேசவேண்டாம்னுட்டேன். இருவத்தாறு வருசம் ஓடிப்போச்சுங்க."

என் மகள் பிறந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஆணி ஒன்றுதான். அதைத்தான் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிந்திருக்கிறேன். என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

மரத்தூளில் மண்டியிட்டு இருவரும் தேடினோம். கிடைத்தது. துளையில் வைத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. நான் முறுக்கியதில் துளை அகன்றுபோயிருந்தது.

"பக்கத்துல அடிக்கட்டுமா?"

"வேண்டாங்க. வுடுங்க." ஆணியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேசை இப்போது கடையில் இருக்கிறது. நாலு பேர் ஏறி நின்றாலும் ஆடாது. முன்னங்கால் ஒன்றை மட்டும் நான் இழைக்கவில்லை. காலையில் கடையைக் கூட்ட வரும் அம்மணி, அந்தக் காலருகே வந்ததும் தரையில் உட்கார்ந்து, துளையில் அடைந்த தூளை விரலால் எடுப்பாள். அவள் எழுந்திருக்கும்வரை நான் வெளியே ரோட்டில் நின்றுகொள்வேன்.