செவ்வாய், வெள்ளி இறக்கம்

முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் மெக்கானிக். அது அவளுக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாமல் அந்த நிலையத்தில் ஓர் எறும்புகூட ஊர முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டுமே தப்பு.

நிலையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மேலே ஓர் அறை, கீழே ஒரு நிலவறை, நிலவறையில் கான்கிரீட் மேடைமேல் ஒரு கருவி. பூமி தன்னை எவ்வளவு இழுக்கிறது என்பதை அது ஓயாமல் மேலறைத் திரையில் கோடாக வரைந்துகொண்டிருக்கும். பூமியும் ஒன்றும் ஒழுங்காகச் சுற்றுகிற பண்டம் இல்லை. அதன் அச்சு தள்ளாடுகிறது. துருவம் சில மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டமடித்துத் திரும்ப ஏறக்குறையப் பதினான்கு மாதம் ஆகிறது. துருவம் நகர்ந்தால் இழுப்பும் மயிரிழை அளவு மாறும். கடலடியில் மாறும் அழுத்தம், காற்று, உருகும் பனி, மண்ணுக்குள்ளிருந்து மனிதர்கள் இறைத்துக் கடைசியில் கடலுக்கு அனுப்பிவிடும் தண்ணீர் என்று பூமியை ஆட்டிவைக்கிற ஆட்கள் பலர். யார் எவ்வளவு ஆட்டினார்கள் என்று பிரித்துச் சொல்வது தலைமையகத்தின் பாடு. அதற்கு அளவு எடுத்து அனுப்புவது பதினோரு வருடமாக இவள் பாடு.

இப்போது அந்த அளவில் கறை படிந்திருந்தது. துருவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், பதினாறு மாதமாக, செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி வாக்கில் கோடு இறங்கியது. சாயங்காலம் கொஞ்சம் ஏறும். பழைய இடத்துக்கு வராது. மாதக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் இந்த நிலையத்தின் அளவுகளை ஒதுக்கிவிடுவோம் என்று தலைமையகம் எழுதிவிட்டது.

மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தும் பதினாறு மாதம். குளிர்சாதனத்தைச் சரிபார்க்க அவன் நிலவறைக்குள் இறங்குவதும் செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"கீழ என்ன பண்ற?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஃபில்டர் கழுவுறேன் மேடம்."

"அதுக்கு ரெண்டு மணி நேரமா?"

"ஒன்றரைதான் மேடம்."

அவள் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னான். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறவன்தான் ஆபத்தானவன் என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள். தரையைப் பார்த்திருந்தால் குற்றமுள்ள நெஞ்சு என்று குறித்திருப்பாள்.

நிலவறைக்குப் பூட்டு மாற்றினாள். அவன் பையைத் திறந்து ஸ்பேனர்களை எண்ணினாள். எதுவும் அகப்படவில்லை, அதனால் சந்தேகம் இன்னும் பலப்பட்டது.

நிலையத்தின் பின்சுவரை ஒட்டி அவள் கணவரின் லாண்டரி இருந்தது. மாடியில் வீடு. ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கேதான் வெளுப்புக்கு வரும். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்: "அவன வேலைய விட்டுத் தூக்கச் சொல்லி எழுதிட்டேன்."

"பாவம்மா. கைக்குழந்தைக்காரன்," என்றார் அவர்.

"எனக்கு மட்டும் ஆசையா? நிலையமே போயிடும்போல இருக்குங்க."

கடிதத்தை அனுப்பவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மெக்கானிக்கை வலுக்கட்டாயமாக லீவு போடவைத்தாள். அவன் வராத அன்று கோடு இறங்காமல் இருந்தால், கடிதம் அன்று மாலையே போய்விடும்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கோடு இறங்கியது.

வேறு யாராயிருந்தாலும் அந்தப் பையனிடம் மனதுக்குள்ளாவது மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவளோ, ஆள் எங்கேயாவது பதுங்கியிருக்கிறானா பார்ப்போம் என்று கட்டிடத்தைச் சுற்றி வந்தாள். பின்சுவர் அருகே வந்தபோது ஒரு மோட்டார் உறுமுவது கேட்டது. கல்லைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். லாண்டரியின் பின்கட்டு. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் தடித்த குழாய் ஒன்று மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

லாண்டரிக்குக் குழாய்த் தண்ணீர் என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். சுற்றிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். அரைமணி நேரத்தில் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. மறுபடி போய் மோட்டாரைப் போட்டாள். கோடு இறங்கியது. அடியிலிருந்த தண்ணீரின் பாரம் போகப்போக, இழுப்பும் கூடவே குறைந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவமானமாக இருந்தது.

கணவர் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். "மோட்டார நீயா நிறுத்தின? மெஷின் எல்லாம் பாதியில நின்னுது."

"எப்ப போர் போட்டீங்க?"

"பதினாறு மாசம் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரங்க செவ்வாயும் வெள்ளியும் மூட்டைய இறக்கிடறாங்க, குழாய்த் தண்ணி பத்தல. உன்கிட்ட சொன்னா ஒரு மணி நேரம் பாடம் எடுப்ப. அதான், நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த வாரத்துல போட்டுட்டேன்."

அவள் திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அதுக்காக, என் ஒரு மோட்டாரா பூமிய ஆட்டுது?"

"எல்லா ஊர்லயும் ஒருத்தர் இதையேதான் கேட்டுட்டு இருப்பாங்க."

"என் பேர எழுதப் போறியா?"

"நேத்து அவன் பேர எழுதினேன். அப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்கல," என்றாள்.

பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். காரணம்: பக்கத்து லாண்டரியின் ஆழ்துளைக் கிணறு. உரிமையாளர்: என் கணவர். கடைசி இரண்டு வார்த்தைக்கு மட்டும் நேரம் பிடித்தது. அவர் மோட்டாரை நிறுத்தப் போனார்.

பிறகு மெக்கானிக்குக்கு போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"இன்னிக்கும் இறங்கிச்சா மேடம்?" என்றான், பயந்த குரலில்.

"இறங்கிச்சு. காரணம் நீ இல்ல. எங்க லாண்டரி மோட்டார்."

"தெரியும் மேடம்."

"எப்படி?"

"நிலவறைச் சுவத்துல காத வச்சா சத்தம் கேக்கும். ரெண்டு மாசமாவே தெரியும்."

"அப்பவே ஏம்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மேடம்? தப்பிக்கிறதுக்காக சார் மேல பழி போடுறான்னு அதையும் சேர்த்து எழுதியிருப்பீங்க."

மறுக்க வாய் திறந்தாள். அப்படித்தான் எழுதியிருப்பாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.