எட்டாவது குழியில் ரிலீவர் இல்லை

1

இந்தக் கதை குன்றத்தூரில் ஒரு பல் டாக்டரின் வராந்தாவில் எனக்குக் கிடைத்தது. பழைய பத்திரிகையில் ஒரு வண்ணப்படம்: கடலோரம், பச்சைப் புல், கோல்ஃப் மட்டையை ஓங்கியபடி ஓர் ஆள். பந்து எங்கே போனது என்று தெரியாதபடி பாதிப் பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். அன்று பல் போய்விட்டது. பந்து மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

முதல் வரி இப்படி எழுதினேன்: "கடல் ஒரு மாபெரும்—"

வேண்டாம். எல்லோரும் அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

இரண்டாவது: "1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம்." படித்ததும் நீங்கள் எதை எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். அது இதில் வராது. இதில் வருவது நாகப்பன். ஒரகடத்துக்காரன். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன்.

2

லேத் ஓட்டுகிறவனுக்கு கோல்ஃப் எப்படித் தெரியும்? அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த சிநேகிதன் ஜீவானந்தத்தால். அவன் ஒரு காலத்தில் கடலோர விடுதியொன்றில் புல் பதிக்கப் போனான். வரும்போது ஆட்டத்தைக் கண்ணாலும் நாலைந்து பந்துகளைச் சட்டைப்பையிலும் எடுத்துக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், வற்றிய ஏரியில், வளைத்த கம்பியால் இருவரும் ஆடினார்கள்.

[ஒருமுறை பந்து எருமையின் காதுக்குள் போய்விட்டது. எருமை குழிவரை நடந்துபோய், தலையை ஆட்டி, பந்தை உள்ளே போட்டது. அதை ஒரே அடியாகக் கணக்கில் வைத்தார்கள். நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.]

"எட்டாவது குழிடா மச்சான்," என்பான் ஜீவானந்தம். "இந்தாண்ட பாறை, அந்தாண்ட குழி, நடுவுல கடலு. வெள்ளக்காரனே பந்தத் தண்ணில உட்டுட்டு பேந்தப் பேந்த முழிக்கிறான். நாம ரெண்டு பேரும் ஒரு நாளு சேந்து போயி அடிக்கிறோம்."

பிறகு அவன் குவைத்துக்குப் போனான். "திரும்பி வந்தா நேரா கம்பெனி கேட்டாண்டதான் வருவேன். வூடெல்லாம் அப்பால," என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கே சண்டை வந்தது. முடிந்தது. போன மற்றவர்கள் கட்டிய துணியோடு வந்து சேர்ந்தார்கள். ஜீவானந்தம் வரவில்லை. அவனைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆளில்லை.

அன்றிலிருந்து நாகப்பன் லீவே போடவில்லை. அவன் வரும் நாளில் தான் அங்கே இல்லாவிட்டால்?

லீவே போடாதவன் என்று மெச்சி கம்பெனி அவனுக்குப் பரிசு கொடுத்தது: மனைவியோடு இரண்டு நாள் லீவு. அதே கடலோர விடுதியில்.

[இது என் கற்பனை இல்லை. கம்பெனிகள் தாமாகவே இப்படித்தான் யோசிக்கும்.]

3

இவன் ஏன் போனான் என்று எனக்கே சந்தேகம். முதலில் மறுத்தான்.

"நாம இல்லாதப்ப அவன் வந்துட்டான்னா இன்னா பண்றது?"

"வாட்ச்மேன் தசரதன் அண்ணங்கிட்ட சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி அம்சவல்லி. "ஒரு நாளாச்சும் எவனாவது ஆக்கிப் போட்டு நான் துன்னணும்."

போனார்கள்.

லேசான மைதானம் இல்லை அது. முதல் குழியில் எதிர்க்காற்று. அடித்த பந்து அடித்தவன் நெற்றிக்கே திரும்பும். நான்காவது சவுக்குத் தோப்புக்குள். ஆறாவதில் நண்டுகள் பந்தை வளைக்குள் இழுத்துப்போகும். நண்டு தானாக வெளியே வரும்வரை காத்திருப்பதுதான் அங்கே மரியாதை. நாகப்பன் காத்திருந்தான். அது அவனுக்குப் பழக்கம்.

எட்டாவதில் பாறை. கடல். அப்பால் கொடி. மட்டையை ஓங்கினான். இறக்கினான். மறுபடி ஓங்கினான். தனியாக அடித்துவிட்டால், இன்னொருவன் வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அப்போது இடி இடித்தது. எல்லோரும் உள்ளே வரவேண்டும் என்று விடுதியில் சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். நாகப்பன் நகரவில்லை. தொழிற்சாலையில் சங்கு ஊதினால், அடுத்த ஷிப்டுக்காரன், அதாவது ரிலீவர், வந்து கைவைக்கும்வரை மெஷினை விட்டு நகரக்கூடாது. அவன் உடம்புக்குத் தெரிந்த சங்கு அது ஒன்றுதான். குவைத்துக்குப் போகும்வரை வருஷக்கணக்காக அவனுடைய ரிலீவர் ஜீவானந்தம்.

4

கொட்டும் மழையில், விடுதித் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு அம்சவல்லி ஓடிவந்தாள்.

"இன்னாங்க! இடி தலையில உழுந்தாதான் வருவீங்களா?"

"ரிலீவர் வர்ல அம்சா."

[இங்கே அவள் அழுவதாக எழுதிப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.]

"வர்ட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன், குடுங்க இப்படி." மட்டையைப் பிடுங்கினாள். "போயி டீ குடிங்க. பஜ்ஜி போட்டுக்கினு கீறாங்க. எனக்கு ரெண்டு எடுத்து வைங்க."

"அடிச்சிடாத."

"அடிக்கமாட்டேன். சும்மா நின்னுகினு இருக்கேன், போங்க."

நாகப்பன் போனான். பாதித் தூரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே. மீதித் தூரம் பார்க்காமல்.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், ஜீவானந்தம் கடலிலிருந்து ஏறி வருகிறான். குவைத் மேற்கே, இந்தக் கடல் கிழக்கே. பூமி உருண்டை என்று சமாளித்துப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொன்றில் அம்சவல்லி அடிக்கிறாள், பந்தை ஒரு கடற்பறவை கவ்விக்கொண்டு போய்—

போதும். மூன்றாவதில் தந்தி வருகிறது. அது ஒன்றுதான் நம்பும்படி வந்திருந்தது. அதனால் வேண்டாம்.

எனக்கும் வயதாகிறது, மழையில் நெடுநேரம் நிற்க முடியாது. அம்சவல்லி இன்னும் அங்கேதான், மட்டையைத் துடைப்பம்போலப் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது. யாராவது போய் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோங்கள், மழையைக் கொஞ்சம் பலமாகவே எழுதிவிட்டேன்.

பந்தை மட்டும் அடித்துவிடாதீர்கள்.