காகிதம் அடைத்த பை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலை, பழைய செய்தித்தாளைக் கசக்குவது. கேன்டீன் அக்காவும் வேன்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து தாள் தாளாகக் கசக்கிப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. இறுக்கி உருட்டினால் பை மேடும் பள்ளமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். தளர்வாக விட்டால் நடக்கும்போது சரசரக்கும். நடுத்தரமாகக் கசக்கி, மேலே ஒரு பழந்துணியைப் பரப்பி, வாயைச் சுருக்கிக் கட்டினால் உருளைக்கிழங்கும் பருப்பும் நிறைந்த பை என்று சத்தியம் செய்யலாம். வேன்காரருக்கு அந்தப் பக்குவம் இன்னும் கைவரவில்லை. அவர் கட்டியதையெல்லாம் அக்கா அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நீங்க அடைச்ச பையைப் பாத்தா உள்ள பூனையைப் பிடிச்சுப் போட்ருக்கோம்னு நினைப்பாங்க," என்றாள்.

அந்த ஷெட் ஒரு காலத்தில் லாரி பழுதுபார்த்த இடம். எவ்வளவு கழுவியும் தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. ஊரே பிஸ்கட் ஆலையை நம்பித்தான் இருந்தது. ஒருநாள் காலை முதல் ஷிஃப்டுக்குப் போனவர்கள் கேட்டில் புதுப் பூட்டு தொங்குவதைப் பார்த்தார்கள். முந்தின நாள் வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஏப்ரன்கள், மேஸ்திரியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. பாக்கிச் சம்பளமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆலை கேன்டீனில் ஆண்டுக்கணக்காகச் சமைத்தவள் அக்கா. தன் வேலை போனதைவிட, சாப்பிட்டுப் பழகிய ஆட்கள் இனி எங்கே சாப்பிடுவார்கள் என்பதுதான் அவளைக் குடைந்தது. ஒரு வாரம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள், முடியவில்லை. ஷெட்டுக்காரரிடம் சாவியைக் கேட்டு வாங்கினாள்.

கேட்டால் கொடுக்காதவர்கள் குறைவு என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். வேன்காரர் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போய், சந்தையில் விலைபோகாத கோணல் கேரட்டையும் அடிபட்ட முட்டைக்கோசையும் ஏற்றி வந்தார். சைக்கிள் கடைக்காரர் சனிக்கிழமை பஞ்சர் வருமானம் முழுவதையும் எண்ணெய்க்கு என்று ஒதுக்கினார். மருந்துக்கடைக்காரர் உப்பும் சோப்பும் கொடுத்தார். பொருள் வந்து குவிந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. பாதி வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் பட்டப்பகலில் ஷெட்டுக்குள் நுழைந்து பையோடு வெளியே வர யாருக்குக் கால் வரும்? கோசு வாடி நாற ஆரம்பித்ததைப் பார்த்து வேன்காரர் எரிச்சலில் ஏதோ சொன்னார். கொடுக்க வருகிறவனும் வாங்க வருகிறவனும் ஒரே மாதிரி இருந்தால் எந்தப் பயல் கண்டுபிடிக்கப் போகிறான் என்றார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவள் மறக்கவில்லை. ஆலையின் பழைய மாவுச் சாக்குகளைக் கிழித்து எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பை தைத்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே புடைத்த பையோடு ஷெட்டுக்கு வந்தது, புடைத்த பையோடு திரும்பிப் போனது. கொடுப்பவர் கொண்டுவருவதில் அரிசியோ பருப்போ இருக்கும்; எடுத்துப் போவதில் காகிதம். வாங்குபவருக்கு அதுவே தலைகீழ். கொடுப்பவர்கள் காகிதப் பையைக் கனமாகத் தூக்கிப் போவதுபோல் தோளைச் சாய்த்து நடக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் அதிகமாக நடிப்பார். நடுத்தெருவில் பையை இறக்கி வைத்து நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

ஷெட்டின் பின்பாதியில் ஒரு திரை. ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகலாம். இடதுபக்க மேசை கொடுப்பவர்களுக்கு. அதன் பக்கத்தில் தகர டிரம்கள், காலடியில் காகிதப் பைகளின் குவியல். வலதுபக்க மேசையில் நிரப்பிய பைகள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அக்கா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். யார் எந்தப் பக்கம் போனாலும் திரும்ப மாட்டாள். தவறிக்கூடத் திரும்பியதில்லை. கண்ணைக் கட்டிப்போட்டுவிட்டாள், காதை என்ன செய்வாள்? அரிசி தகரத்தில் விழும் ஓசை ஒன்று, பருப்பு விழும் ஓசை வேறு. காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

மேஸ்திரியின் காலடி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆலையில் பிஸ்கட் சுடும் அடுப்புகள் அவர் பொறுப்பில் இருந்தன. விறைப்பான மனிதர். சட்டைக் காலர் கலையாது, யாரிடமும் ஒரு தீக்குச்சி கடன் கேட்க மாட்டார். ஆலை மூடிய பிறகும் முதல் ஆளாக வந்து பை நிறைய அரிசி கொட்டியவர் அவர்தான். அந்த ஓசை அப்போது நீளமாக இருந்தது. மாதங்கள் போகப் போகச் சுருங்கியது. பிறகு இரண்டு பிடி விழும் ஓசையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த ஓசையும் கேட்கவில்லை.

அக்கா கையிலிருந்த பருப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடதுபக்க மேசையருகே அவர் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கொண்டுவந்த பையைக் குவியலில் வைத்தார், வேறொன்றை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். காகிதம் கொடுத்துக் காகிதம் வாங்கிப் போனார். கை நீட்டினால் வலதுபக்க மேசை. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. இருந்தும் அவர் அந்தப் பக்கம் ஓரடிகூட வைக்கவில்லை. அக்காவுக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

தெருக்குழாயில் மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தபோது, குடம் நிறையும்வரை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏதேதோ மாத்திரை சாப்பிடுகிறவள். அதை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதால் சில நாள் போடுவதில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, உடனே சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று அக்கா யோசித்தாள். கொடுத்தால், எனக்குத் தெரியும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது போலாகும். அந்த மனிதர் பிறகு தெருவிலேயே இறங்க மாட்டார்.

அடுத்த வாரம் ஒரு தந்திரம் செய்தாள். மேஸ்திரி வரும் நேரம் பார்த்து, நிரப்பிய பை ஒன்றைக் காகிதக் குவியலின் மேலே வைத்தாள். அவரோ திரைக்கு வெளியே, கடை திறக்க அவசரப்பட்ட சைக்கிள் கடைக்காரருக்கு வழிவிட்டுவிட்டார். அந்தப் பை கடைக்காரரோடு போயிற்று. சற்று நேரத்தில் மனிதர் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி ஓடிவந்தார். நடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று தான் குறைபட்டுக்கொண்டதால் அக்கா செங்கல் வைத்துவிட்டாள் என்று நினைத்தாராம். வீட்டில் அவிழ்த்தால் உருளைக்கிழங்கு.

"யார் வீட்டுக்கோ காகிதம் போயிடுச்சுக்கா. அவங்க இப்ப என்ன பண்ணுவாங்க?" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுவாரம் நிரப்பிய பை சரியான கைக்கே போயிற்று. மேஸ்திரி குனிந்து மேலே இருந்த பையைத் தூக்கினார். கனம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு பையைக் கீழே வைக்கும் ஓசை, மெதுவாக. வேறொரு பை சரசரத்தது. காலடிகள் வெளியே போயின. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆலை முதலாளியின் மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். மழை தொடர்ந்து பெய்து தோட்டங்கள் மூழ்கியிருந்தன. வேன் காலியாகவே வந்து போயிற்று. டிரம்களில் தகரத்தின் அடி தெரிந்தது. பூட்டிய ஆலையின் கிடங்கில் மாவு மூட்டைகள் கிடக்கின்றன, அவற்றை ஏழைகளுக்குக் கொடுக்க முதலாளி பிரியப்படுகிறார் என்று மேனேஜர் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஆலை கேட் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். முதலாளி தன் கையால் கொடுப்பார், பத்திரிகையில் படம் வரும்.

வேன்காரர் வெடுக்கென்று எழுந்தார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டு, சரி என்றாள். மேனேஜர் போனபிறகு வேன்காரர் அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். இத்தனை மாதம் மூடி மறைத்ததெல்லாம் எதற்கு, ஒரு படத்துக்காக ஊர் மானத்தைக் கேட்டில் கட்டித் தொங்கவிடவா என்று கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்குறவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? முதுகைத்தானே காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள். "அதனால ஊரையே கூப்பிடுங்க."

வேன்காரர் வீடு வீடாகப் போனார். மேஸ்திரியிடம் மட்டும் என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்து, இரண்டு தடவை ஒப்பிக்கவும் வைத்தாள். "குடுக்கிறவங்க முன்னால நின்னாத்தான் மத்தவங்க கூச்சப்படாம வருவாங்க. முதல்ல இருந்து குடுக்கிறவர் நீங்க. நீங்க வரலன்னா எப்படிண்ணே?" மேஸ்திரி வெகுநேரம் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றாராம்.

அன்றைக்கு ஆலை கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் வரிசை நின்றது. சலவைச் சட்டையில் மருந்துக்கடைக்காரர், கைக்குழந்தையோடு டாக்டரின் மனைவி, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்த மளிகைக்காரர், எல்லார் கையிலும் அதே மாவுச் சாக்குப் பை. முதலாளி காரிலிருந்து இறங்கிப் பார்த்தவர், ஊரில் இவ்வளவு ஏழைகளா என்று மேனேஜரிடம் குனிந்து கேட்டார். மேனேஜர் எச்சில் விழுங்கினார். மழை விட்டிருந்தது, மூட்டைகளை ஈரம் படாமல் தார்ப்பாயில் அடுக்கியிருந்தார்கள். கேட்டைத் திறந்து மூட்டைகளை எடுத்தபின் மறுபடியும் பூட்டிவிட்டிருந்தார்கள்.

அக்கா தராசடியில் நின்று மாவை அளந்து போட்டாள். மேஸ்திரியின் முறை வந்தது. முதலாளி பையை நீட்டப் போனவர், ஆளை அடையாளம் கண்டு நின்றார்.

"மேஸ்திரி, நீயுமா?"

சத்தமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். ஆனாலும் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அளவுப் பாத்திரத்தை மாவிலேயே விட்டுவிட்டாள். நான் கொடுக்கிற ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லி, பையைத் தொடாமல் அவர் போய்விடலாம். போனால் இனி எந்தப் பையையும் தொட மாட்டார். மேஸ்திரி முதலாளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கேட்டை, அதில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பிறகு மூட்டைகளைப் பார்த்தார்.

"ஆமா முதலாளி, நானும்தான்," என்றார். "இந்த மூட்டையெல்லாம் கடைசி வாரம் நான்தான் நின்னு இறக்கி அடுக்கினேன்."

இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்ற சைக்கிள் கடைக்காரர் யாரும் கேட்காமலேயே, "நானும்தான்," என்றார். அதற்குப் பிறகு முதலாளி யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடதுபக்க மேசையில் மாவு விழுந்துகொண்டே இருந்தது. மருந்துக்கடைக்காரர், டாக்டர் வீட்டம்மா, மளிகைக்காரர் என்று கொண்டுபோனவர்கள் அப்படியே கொண்டுவந்து கொட்டினார்கள். மாவுக்கு ஓசை கிடையாது. புழுதிதான் கிளம்பியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகும் கூந்தலும் வெளுத்துப்போயின.

கூட்டம் குறைந்தபிறகு அந்தக் காலடி கேட்டது. திரை விலகியது. காலடி வழக்கமான இடத்தில் வந்து நின்றது. அக்கா தட்டிலிருந்த பருப்பை அளைந்தாள். பொறுக்குவதற்குக் கல் எதுவும் மிச்சமில்லை. பிறகு காலடிகள் அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கே நடந்தன. வலதுபக்க மேசையில் ஒரு பை சரசரவென்று உட்கார்ந்தது. இன்னொன்று கனமாக எழும்பியது.

திரைக்குள் யாரும் பேசுவது வழக்கமில்லை. மேஸ்திரி பேசினார்.

"வரேன் தங்கச்சி."

"சரிண்ணே," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க. சாப்பிட்டதும் மாத்திரையைப் போடச் சொல்லுங்க."

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். முகத்தைத் துடைத்தபோது கண்ணீரும் மாவும் சேர்ந்து பிசுபிசுத்தது. அவர் வைத்துவிட்டுப் போன பையை அவிழ்த்தாள். மேலே இருந்த தாளில் அந்தப் படம் வந்திருந்தது. பசித்த ஏழைகளுக்கு ஆலை அதிபர் உணவு வழங்கினார் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் இரண்டு கையையும் நீட்டி மேஸ்திரி நின்றார், காலர் கலையாமல். அவர் யார், அந்தக் கேட்டுக்குள் எத்தனை காலம் வேலை பார்த்தார் என்று கீழே எங்கும் இல்லை. முதலாளியின் தோளுக்கு மேலே பூட்டு பளிச்சென்று தெரிந்தது.

வெளியே மருந்துக்கடைக்காரர் இன்னும் காத்திருந்தார். காகிதப் பைகள் தீர்ந்துவிட்டன, அவருக்கு ஒன்று வேண்டும். அக்கா அந்தத் தாளை எடுத்தாள். இறுக்காமல், தளர்த்தாமல், நடுத்தரமாகக் கசக்கினாள். சிரித்த முகம் மடிந்து உள்ளே போயிற்று, பூட்டு மட்டும் வெளியே நின்றது. அதைப் பைக்குள் திணித்து, மேலே பழந்துணியைப் பரப்பி, வாயைச் சுருக்கிக் கட்டினாள்.