இருபத்தேழு வீட்டுக் கையெழுத்து

கொழும்பு கொட்டாஞ்சேனையில், லொறி நுழையாத அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு ஆபத்து வருகிறதென்று முதலில் சொன்னவரே ஸ்ரனிஸ்லாஸ்தான். நகரத் திட்டப் பிரிவில் படம் வரைகிறவர். டோரினின் செத்துப்போன அக்காவின் புருஷன், அதே ஒழுங்கையின் வலப்பக்க மூலை வீட்டுக்காரர். குடியிருப்புப் பகுதியாக இருந்த ஒழுங்கையை வர்த்தகப் பகுதியாக மாற்றப் பார்க்கிறார்கள், லொறி போக நாற்பதடி றோட்டு வரும், இடப்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் முன்பாதி போய்விடும் என்றார். டோரினின் வீடு இடப்பக்கம். அதில் இருப்பதே ஓர் அறையும் குசினியும்தான். முன்பாதி போனால் குசினிக்குள்ளா படுப்பது?

அறுபது நாளுக்குள் ஆட்சேபனை கொடுத்தால் தடுக்கலாம் என்று வழி சொன்னவரும் அவரே. சிங்களத்தில் கடிதம் அடித்து ஒரு பின்னேரம் கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு பீபி அப்போது டோரினோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சுப் பார் டோரின். சரியெண்டால் வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கு. நான் திட்டப் பிரிவுக் கந்தோரிலை வேலை செய்யிற ஆள், என்ரை பேர் இதிலை வரக்கூடாது."

டோரினுக்குச் சிங்களம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவள். ஆனால் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. கொழும்பில் இப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வெட்கப்பட எதுவுமில்லை. டோரின் வெட்கப்பட்டாள். ஒழுங்கையில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். ஆறுதலாக, நேரமெடுத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிவைத்து, அத்தானிடம் கேட்டறிந்து, மறுநாள் தானே வாசித்ததுபோலச் சொல்லுவாள். அவளுடைய குட்டு தெரிந்த ஒரே மனுஷர் அந்த அத்தான்தான்.

பீபி பார்த்துக்கொண்டிருந்தாள். டோரின் கண்ணாடியைப் போட்டு, உதட்டை அசைத்து, தாளின் அடிவரைக்கும் போய் வந்து, எல்லாம் சரி என்றாள். பிறகு வாசலில் தனியாக அத்தானைக் கேட்டபோது, ஒழுங்கை இருந்தபடியே இருக்க வேண்டுமென்றுதான் எழுதியிருக்கு, பயப்படாதே என்றார். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மூன்று நாளில் அத்தானின் வீடு தவிர்ந்த இருபத்தேழு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, கடிதத்தைத் திட்டப் பிரிவில் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம், நான் வாசித்துவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்றாள்.

விசாரணை நாளில் திட்டப் பிரிவு அதிகாரி கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். எங்கள் ஒழுங்கையை வர்த்தகப் பகுதியாக மாற்றும்படி இருபத்தேழு குடும்பங்களும் கேட்கிறோம், றோட்டுக்கு இடம் விட முழுச் சம்மதம். டோரினுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சுவரில் தொங்கிய ஒழுங்கையின் திட்டப் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வலப்பக்க மூலையில், ஸ்ரனிஸ்லாஸின் வீடு இருக்கும் இடத்தில், 'கொள்கலன் கிடங்கு' என்று தமிழிலும் எழுதியிருந்தது. வீட்டைக் கிடங்குக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். லொறி வராத ஒழுங்கையில் கிடங்கு எதற்கு? பாவி மனுஷன், அக்காவின் வீட்டையும் விற்று, தங்கச்சியின் வீட்டையும் இடிக்க அவள் கையாலேயே கையெழுத்து வாங்க வைத்திருக்கிறார்.

எழுந்து, நாங்கள் கேட்டது இதுவல்ல என்று சிங்களத்தில் சொன்னாள். அப்படியென்றால் வாசிக்காமலா கையெழுத்து வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டார். முதுகுக்குப் பின்னால் ஒழுங்கை முழுக்க உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தாறு வருஷ மானத்தை விழுங்கிக்கொண்டு, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது ஐயா என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். இவ்வளவு நல்ல சிங்களம் பேசிக்கொண்டு வாசிக்கத் தெரியாதென்கிறீர்களே நோனா என்றார். படத்தின் அருகே நின்ற ஸ்ரனிஸ்லாஸ் அவள் பக்கம் திரும்பாமல், அந்த அம்மா வாசித்ததை அயல்வீட்டுக்காரியே பார்த்தவர், அவரைக் கேளுங்கள் என்றார். பீபியைக் கேட்டார்கள். அவள் தயங்கி எழுந்தாள். ஓம், கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்றாள்.

அப்படியென்றால் கடிதம் செல்லும் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். உட்காரும்போது பீபி டோரினின் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் பொய்யொண்டும் சொல்லல்ல தானே, டோரின் அக்கா?"

"இல்லை பீபி. கண்டதைத்தானே சொன்னீங்கள்."

அதிகாரி அடுத்த ஒழுங்கையின் பெயரைக் கூப்பிட்டார்.