கீழே விழுந்த வாள்

ஜெயிப்பதா, தோற்பதா? கியூஹோவுக்குத் தலை சுற்றியது.

ஞாயிறு மதியம், புப்யோங் ரயில் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் இருக்கும் பிசி பாங், மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினி விளையாட்டு ஆடும் கடை. பக்கத்து நாற்காலியில் மா சோக்மன். நகரப் பேருந்து ஓட்டுநர், ஹேரினின் அப்பா. ஹேரினைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் கேட்கத்தான் கியூஹோ வந்திருந்தான். இதே காரியமாக ஏற்கெனவே இரண்டு ஞாயிறு வந்து, மழை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிய உத்தமன். இன்றும் வாய் திறக்காவிட்டால் என் முகத்திலேயே விழிக்காதே என்று ஹேரின் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பெரியவரோ, உங்கள் ஆட்டத்தில் கொஞ்சம், என் ஆட்டத்தில் கொஞ்சம் மோதிப் பார்ப்போம், எது நிஜமான சண்டை என்று தெரிந்துவிடும் என்று இங்கே இழுத்து வந்துவிட்டார். என்ன செய்ய என்று ஹேரினுக்குச் செய்தி அனுப்பினான். வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடுவார், ஜெயித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பதில் வந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

முதலில் அவனுடைய ஆட்டம். இருவருக்கும் ஒரே பலம், ஒரே ஆயுதம். செத்தாலும் அடுத்த சுற்றில் முழு உயிரோடு எழுந்து நிற்கலாம். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, ஐந்து சுற்றும் அவனே ஜெயித்துத் தொலைத்தான். பெரியவர் கோபப்படவில்லை. ராம்யோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, செத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இதற்குப் பெயர் சண்டையா என்று கேலி செய்தார்.

அடுத்து, அவர் இருபது வருடமாக ஆடிவரும் பழைய இணைய ஆட்டம். தன் வீரனுக்கு நிகரான ஒருவனை நண்பரிடம் கேட்டு இவனுக்கு வாங்கிக் கொடுத்தார். அங்கே யார் யாரையும் வெட்டலாம், செத்தால் கையில் இருப்பது கீழே விழும் என்று மட்டும் சொன்னார். மிச்சம் ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கோட்டைக்கு வெளியே புல்வெளியில் மோதினார்கள். இரண்டே நிமிடத்தில் பெரியவரின் வீரன் சாய்ந்தான். அவர் ஒன்பது வருடம் பாடுபட்டு மெருகேற்றிய வாள் புல்லில் நீலமாக மின்னியது.

"எடுங்க," என்றார் பெரியவர்.

கியூஹோ திருதிருவென விழித்தான். எடுத்தால் பேராசைக்காரன் ஆகிவிடுவானோ? எடுக்காவிட்டால் பெரியவர் பேச்சைத் தட்டியவனோ? அவனுடைய ஆட்டத்தில் எதுவும் கீழே விழுவதே இல்லையே. விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வேண்டாங்கய்யா. அது உங்க வாள்."

"செத்தவன் எப்படிங்க எடுப்பான்? சீக்கிரம் எடுங்க."

இதுவும் சோதனைதான் என்று நினைத்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் மரங்களுக்குப் பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் வந்தான், குனிந்தான், வாளோடு ஓடினான்.

பெரியவர் நூடுல்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார். வெட்டியவனுக்குப் பத்து வினாடிதான் உரிமை, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார். நண்பனை வெட்டியவன் வாளை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே மரியாதையாம். கியூஹோவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஒன்பது வருட உழைப்பை அவனுடைய பணிவு பத்து வினாடியில் பறிகொடுத்திருந்தது.

"என்னை அஞ்சு தடவை வெட்டினப்ப நீங்க யோசிக்கல," என்றார் பெரியவர். "எடுங்கன்னு சொன்னாத்தான் யோசனை வருது. எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? இது மூணாவது ஞாயித்துக்கிழமை. இன்னும் எத்தனை வாரம் இப்படிக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க?"

"நானும் ஹேரினும் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கோம். நீங்க சம்மதிக்கணும்," என்றான் கியூஹோ. காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் குரல் எகிறிவிட்டது. முன்வரிசையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோட்டைக்குள் மறுபடி உயிர்பெற்று நின்ற தன் வீரனுக்குப் பழைய ஈட்டி ஒன்றைக் கொடுத்தார்.

"அவன் இன்னும் காட்டைத் தாண்டியிருக்க மாட்டான். வாங்க, ரெண்டு பேருமாப் போய்ப் பிடிப்போம்."

இது சம்மதமா, இல்லை வாளை மீட்கும் வழி மட்டும்தானா? கியூஹோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தான். பெரியவரின் வீரன் அதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டான். கியூஹோ வாயை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினான்.